ரிஸ்ட் ஸ்பிளின்ட்: பெட்டியில் வருகிறபடியே கட்டினால் பாதி வேலைதான்

நள்ளிரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போக, எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறவர்களுக்கு முதலில் எழுதித் தரப்படுவது பெரும்பாலும் ஒரு மணிக்கட்டுப் பட்டைதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ‘ரிஸ்ட் பெல்ட்’ என்பார்கள். பெட்டியில் ‘ரிஸ்ட் ஸ்பிளின்ட்’, ‘ரிஸ்ட் பிரேஸ்’, ‘காக்-அப் ஸ்பிளின்ட்’ என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கார்ப்பல் டனல் சிண்ட்ரோம், அதாவது மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடும் நோய், என்று சந்தேகம் வந்ததுமே வாங்கிக் கட்டுகிறார்கள். ஒரு மாதம் கழித்து ‘ஒன்றும் பிரயோஜனமில்லை’ என்று அலமாரியில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு.

பிரயோஜனம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கம்பெனியின் பெயர் தீர்மானிப்பதில்லை. உள்ளே இருக்கும் தகட்டின் வளைவு, அது உள்ளங்கையில் எதுவரை போகிறது, கட்டுகிறவரின் முன்கைத் தசைகள் எப்படி அமைந்திருக்கின்றன, இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. அதனால் இங்கே எடைபோடுவது பிராண்டுகளை அல்ல, வகைகளை.

அவசரக்காரர்களுக்கு முடிவு முதலிலேயே. கையால் வளைக்கக்கூடிய அலுமினியத் தகடு உள்ள ஸ்பிளின்ட்டை வாங்கலாம், தகட்டை நிமிர்த்திய பிறகு. தகடே இல்லாத எலாஸ்டிக் குழாய்ப் பட்டை இந்த நோய்க்கு உதவாது, பணம் வீண். கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டும் தம்ப் ஸ்பைகா வேறு நோய்க்கானது. விரல்களை இறுக மடக்கிக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு மெடிக்கல் ஷாப் சரக்கு எதுவும் முழுதாகப் போதாது. அவர்கள் அளவெடுத்துச் செய்யும் ஸ்பிளின்ட்டுக்குப் போக வேண்டும். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

இரண்டு வாசல் உள்ள சுரங்கம்

மணிக்கட்டின் உள்பக்கத்தில் சிறு எலும்புகள் குழிந்த தரையாக அமைந்திருக்க, மேலே ஒரு தடித்த குறுக்கு நார்ப்பட்டை கூரையாக மூடியிருக்கிறது. நடுவில் கிடைக்கும் சந்துதான் கார்ப்பல் டனல். அதற்குள் 9 தசைநாண்கள் ஓடுகின்றன: நான்கு விரல்களுக்கும் ஆளுக்கு இரண்டாக 8, கட்டைவிரலுக்கு 1. அவற்றோடு, இரவில் மரக்கும் அந்த விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பு. தசைநாண் கயிறு மாதிரி, நசுங்காது. நரம்பு அப்படியில்லை. உள்ளே இடம் குறைந்தால் முதலில் அடிபடுவது நரம்புதான்.

உள்ளே உள்ள அழுத்தத்தை 1981-ல் அளந்து பார்த்தார்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போது நோயில்லாதவர்களுக்குச் சராசரி 2.5 மி.மீ. பாதரசம், நோயாளிகளுக்கு 32. நோயாளிகள் மணிக்கட்டை முழுதாக உள்பக்கம் மடக்கியபோது 94. பின்பக்கம் நிமிர்த்தியபோது 110. அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். கை மடங்குவதுதான் ஆபத்து என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். பின்பக்கம் தூக்குவதும் அதே அளவு மோசம், கொஞ்சம் கூடவே. ‘காக்-அப்’ என்ற பெயரின் பொருளே கையைப் பின்பக்கம் தூக்கி வைப்பது. எலும்பு முறிவுக்கும் கை தொங்கிப்போகும் நரம்புப் பாதிப்புக்கும் ஏற்பட்ட வடிவம் அது. அதையே இந்த நோய்க்கும் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

பின்பக்கம் தூக்கினால் ஏன் அழுத்தம் ஏறுகிறது? ஒரு காரணம் தசைகளிடம் இருக்கிறது. விரல் மடக்கும் தசைகளின் சதைப்பகுதி முன்கையிலேயே முடிந்து, வெறும் தசைநாண் மட்டும் சுரங்கத்துக்குள் நுழைய வேண்டும் என்பது பாடப்புத்தகப் படம். நிஜக் கைகள் அப்படி ஒழுங்காக இல்லை. சிலருக்கு, குறிப்பாக மேலடுக்குத் தசையில், சதை மணிக்கட்டின் வாசல்வரை இறங்கியிருக்கும். மணிக்கட்டைப் பின்பக்கம் வளைத்து விரல்களையும் நீட்டினால் தசைநாண்கள் விரல்பக்கமாக இழுபடும், வாசலில் நின்ற சதை உள்ளே வந்துவிடும். இது மேல்வாசல்.

கீழ்வாசலில் லம்ப்ரிகல் தசைகள். மண்புழு போல மெலிந்து நீண்டிருப்பதால் லத்தீனில் அந்தப் பெயர். உள்ளங்கையில் இருக்கும் இந்த நான்கு சிறு தசைகளின் விசித்திரம், இவை எலும்பில் தொடங்குவதில்லை, விரல் மடக்கும் ஆழ்ந்த தசைநாண்களின் மேலேயே தொடங்குகின்றன. ஓடுகிற கயிற்றில் ஒட்டிய சதை. விரல்கள் நீண்டிருக்கும்போது சுரங்கத்துக்கு வெளியே கிடக்கும். முஷ்டி பிடித்தால் கயிறு முழங்கைப் பக்கம் ஓட, இவையும் கூடவே உள்ளே போகும். முழுதாக மடக்கும்போது ஏறத்தாழ 3 செ.மீ. உள்ளே போய்விடுவதைச் சடலக் கைகளில் அளந்திருக்கிறார்கள். பாதி மடக்கினாலே நுழைந்துவிடுகின்றன. எவருக்கு லம்ப்ரிகல் பருத்தோ, வழக்கத்தைவிட மேலே தொடங்கியோ இருக்கிறதோ, அவருக்கு நெரிசல் கூடுதல்.

பெட்டியில் வருகிறபடியே கட்டிய காக்-அப் ஸ்பிளின்ட், மேல்வாசலைத் திறந்துவிட்டுக் கீழ்வாசலை அப்படியே விட்டுவிடுகிறது. மணிக்கட்டு உள்பக்கம் மடங்குவதை மட்டும் தடுக்கிறது. அந்த அளவுக்கு நன்மை உண்டு, அதனால்தான் சிலருக்கு எதையும் மாற்றாமலேயே தூக்கம் வருகிறது.

தகட்டை நிமிர்த்துவது

உள்ளங்கைப் பக்கம் ஒரு துணிப்பை தைத்திருக்கும், அதற்குள் தகடு. உருவி எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். தைத்து மூடியிருந்தால் வேண்டாம். உருவிய தகடு பிளாஸ்டிக்காகவோ வில் எஃகாகவோ இருந்தாலும் வேண்டாம், அவற்றின் வளைவைக் கையால் மாற்ற முடியாது. அலுமினியம்தான் தேவை. கட்டைவிரலால் அழுத்தினால் மெல்ல வளையும், விட்டால் திரும்பாது.

வரும்போது பெரும்பாலும் 20 முதல் 30 டிகிரிவரை வளைந்திருக்கும். வளைவு எங்கே என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள், மணிக்கட்டு மடிப்புக் கோடு விழும் இடம் அது. அந்த இடத்தை மேசை விளிம்பில் வைத்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் நிதானமாக அழுத்தி நிமிர்த்துங்கள். சுத்தியல், குறடு வேண்டாம், பள்ளம் விழுந்த இடத்தில் பிறகு ஒடியும். முன்னும் பின்னும் பத்துத் தடவை வளைத்துப் பார்ப்பதும் கூடாது. அலுமினியம் அதில்தான் களைத்து விரிசல் விடும். தகட்டின் விரல்பக்க முனையில் உள்ளங்கைக்கென்று கரண்டிபோல ஒரு குழிவு இருந்தால் அதைத் தொடாதீர்கள். நிமிர்த்த வேண்டியது மணிக்கட்டு வளைவை மட்டும். தட்டையாகத் தட்டிவிட்டால் தகட்டின் முனை உள்ளங்கையில் குத்தும்.

திரும்பச் செருகிக் கட்டிய பிறகு சரிபார்க்க ஒரு ஸ்கேல் போதும். புறங்கையின் மேல் நீளவாக்கில் வையுங்கள். நடுவிரல் முட்டியிலிருந்து முன்கைவரை ஒரே கோட்டில் படிய வேண்டும். மணிக்கட்டில் இடைவெளி தெரிந்தால் கை இன்னும் பின்னால் தூக்கியிருக்கிறது என்று பொருள். பக்கவாட்டிலும் பாருங்கள், நடுவிரலும் முன்கையின் நடுக்கோடும் நேராக இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தால் அளவு தவறு, அல்லது இடது கைக்குரியதை வலது கையில் கட்டியிருக்கிறீர்கள். ‘இரு கைக்கும் பொருந்தும்’ என்று விற்பவற்றில் இந்தச் சாய்வு அடிக்கடி வருகிறது. பத்து இருபது ரூபாய் கூடக் கொடுத்தாவது தனித்தனிக் கைக்கானதை வாங்குவது நல்லது.

அளவு எடுப்பது மணிக்கட்டின் சுற்றளவை, சென்டிமீட்டரில், மாலையில். காலையில் வீக்கம் இருப்பவர்கள் காலையில் எடுக்கட்டும். எஸ், எம், எல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டியின் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். நீளத்தை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும். முன்கையில் பாதிக்கு மேலாவது ஏற வேண்டும். நான்கு விரற்கடை நீளமே உள்ள குட்டைப் பட்டைகள் நெம்புகோல் நீளம் போதாமல் தூக்கத்தில் மணிக்கட்டோடு சேர்ந்தே மடங்கும்.

பட்டிகளை இறுக்குவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மூன்று வெல்க்ரோ பட்டி இருந்தால் முன்கைப் பட்டியும் உள்ளங்கைப் பட்டியும் வேலை செய்பவை. நடுவில், மணிக்கட்டு மடிப்பின் மேல் விழும் பட்டி மூன்றிலும் தளர்வாக இருக்க வேண்டும். மருத்துவர்கள் இந்த நோயைச் சோதிக்க அதே இடத்தைக் கட்டைவிரலால் 30 வினாடி அழுத்திப் பார்க்கிறார்கள், மரத்துப்போனால் நோய் இருக்கலாம் என்று கணக்கு. அந்தச் சோதனையை எட்டு மணி நேரம் நீங்களே செய்துகொள்ளாதீர்கள். பட்டிக்கடியில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நகம் வெளுத்தால், விரல் வீங்கினால், சுண்டுவிரலும் புதிதாக மரத்தால், இறுக்கம் அதிகம்.

எந்தத் தசை உங்களுடையது

எல்லாருக்கும் ஒரே ஸ்பிளின்ட் பொருந்தாததற்குக் காரணம் முன்கையிலேயே இருப்பதால், வாங்குமுன் நான்கு சின்னச் சோதனைகள். நோயைக் கண்டுபிடிக்க அல்ல, சரக்கைத் தேர்ந்தெடுக்க.

கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் தொட்டுக்கொண்டு மணிக்கட்டைச் சற்று உள்ளே மடக்குங்கள். நடுவில் ஒரு நரம்பு மாதிரி புடைத்து நின்றால் அது நரம்பல்ல, பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண். புடைக்கவில்லை என்றால் உங்களுக்கு அந்தத் தசையே இல்லாமல் இருக்கலாம். கட்டைவிரல் பக்கம் சற்றுத் தள்ளித் தெரியும் தடித்த நாணை இதுவென்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு தசை, எல்லாருக்கும் உண்டு. பால்மாரிஸ் லாங்கஸ் இல்லாதவர்கள் சுமார் 15 சதவீதம் என்று மேலைநாட்டு உடற்கூறு நூல்கள் எழுதுகின்றன. இனத்துக்கு இனம் இது நிறைய மாறும். ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாமலும் இருக்கும். இல்லாததால் கைப்பிடி பலம் குறைவதாகத் தெரியவில்லை, அதனால்தான் வேறு இடத்தில் ஒட்டுவதற்கு அறுவை மருத்துவர்கள் இந்த நாணைத் தயங்காமல் எடுக்கிறார்கள்.

இந்தத் தசை சுரங்கத்துக்குள் போவதில்லை. கூரையின் மேலாகப் போய் உள்ளங்கைத் தோலுக்கடியில் உள்ள நார்விரிப்பில் சேருகிறது. அப்படியானால் உள்ளே உள்ள நரம்புக்கு இதனால் என்ன? சடலக் கைகளில் ஒவ்வொரு தசைநாணாக எடை தொங்கவிட்டு அழுத்தம் அளந்தபோது, மணிக்கட்டு பின்பக்கம் வளைந்திருந்த நிலையில் மிக அதிக அழுத்தத்தைக் கொடுத்தது இதுதான். உள்ளே ஓடும் நாண்களைவிடவும் அதிகம். கூரையின் மேல் கட்டிய கயிறு இழுபட்டுக் கூரையை அமுக்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம். கார்ப்பல் டனல் நோயாளிகளின் கைகளில் இத்தசை இருப்பது கூடுதலாகக் காணப்பட்டதாக ஓர் ஒப்பீடும் வந்திருக்கிறது. அதை வைத்து இன்னாருக்கு நோய் வரும், இன்னாருக்கு வராது என்று ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் நடைமுறைக்கு இது சொல்வது தெளிவு: நாண் நன்றாகப் புடைத்துத் தெரிகிறவர்கள், வளைந்த தகட்டோடு ஸ்பிளின்ட்டைக் கட்டுவது இரட்டை நஷ்டம். ஸ்கூட்டர் ஆக்ஸிலரேட்டரைப் பிடிக்கும் நிலையும் இதேதான், மணிக்கட்டு பின்னால், விரல்கள் முன்னால் இறுக. கீழ்வாசல், கூரை இரண்டும் ஒரே நேரத்தில். அதற்காக ஸ்பிளின்ட் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள், பிரேக் லீவர் கைக்கு எட்டாது. கைப்பிடியின் கோணத்தையோ இருக்கையின் உயரத்தையோ மாற்றுவதுதான் வழி.

இரண்டாவது சோதனை: மணிக்கட்டை நேராக வைத்து, இறுக்கமாக முஷ்டி பிடித்து 30 முதல் 40 வினாடி இருங்கள். விரல்களில் விறுவிறுப்பு ஏறினால் உங்கள் சிக்கலில் லம்ப்ரிகலுக்குப் பங்கு இருக்கலாம். நோயை உறுதிசெய்ய இந்தச் சோதனை போதாது. ஆனால் மணிக்கட்டை மட்டும் பிடிக்கும் ஸ்பிளின்ட் உங்களுக்குப் போதுமா என்பதற்கு இதைவிடச் சுலபமான குறிப்பு கிடைக்காது. கூடவே, மணிக்கட்டை மடக்கிப் புறங்கைகளை ஒன்றோடொன்று சேர்த்து 60 வினாடி வையுங்கள். இதில் மட்டும் மரத்து, முஷ்டியில் ஒன்றுமில்லை என்றால் நிமிர்த்திய சாதாரண ஸ்பிளின்ட் உங்களுக்கு நன்றாக வேலை செய்யும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது: மற்ற விரல்களை நீட்டி வைத்துக்கொண்டு கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்குங்கள். ஆள்காட்டி விரலின் நுனியும் தானாக வளைகிறதா? இரண்டின் தசைநாண்களுக்கும் இடையே இணைப்பு இருக்கிறது. 1979-ல் இதை விவரித்த இருவரின் பெயரால் லின்பர்க்-காம்ஸ்டாக் என்பார்கள். அரிதல்ல. இருப்பவர்கள் நாளெல்லாம் கட்டைவிரலால் போன் தட்டினால், ஆள்காட்டி விரலின் நாணும் கூடவே உழைக்கும். இதற்கு ஸ்பிளின்ட்டில் தனி வசதி எதுவும் கிடையாது. கட்டைவிரலை நிறுத்திவைக்கும் மாடல் வாங்கலாமா என்றால், இரவுக்குத் தேவையில்லை. பகலில் போனை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டுவது செலவில்லாத தீர்வு.

நான்காவது, கண்ணால் பார்க்க வேண்டியது. எதையாவது இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்பக்கத்தில், சதைத் திரட்சி ஒன்று எழும்பி, விட்டதும் அடங்குகிறதா? பால்மாரிஸ் லாங்கஸின் சதை வழக்கமாக முழங்கைப் பக்கமும் நாண் மணிக்கட்டுப் பக்கமும் இருக்கும். சிலருக்கு இது தலைகீழ், நாண் மேலே, சதை மணிக்கட்டில். இன்னும் அரிதாக, பால்மாரிஸ் ப்ரொஃபண்டஸ் என்று ஒரு தசையின் நாண் நரம்போடு ஒட்டிச் சுரங்கத்துக்குள்ளேயே போகும், அது வெளியே தெரியாது. தலைகீழ்த் தசை உள்ளவர்களுக்கு ஸ்பிளின்ட்டின் நடுப்பட்டி சரியாக அந்தச் சதையின் மேல் உட்காரும். கட்டிய பிறகு மரப்பு கூடுகிறது, கழற்றினால் குறைகிறது என்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். ஸ்பிளின்ட்டை மாற்றி மாற்றி வாங்காமல் ஓர் அல்ட்ராசவுண்ட் எடுப்பது மேல். இரண்டாகப் பிரிந்த மீடியன் நரம்பு, கருவில் மறைந்திருக்க வேண்டிய மீடியன் தமனி மறையாமல் தங்கியிருப்பது போன்றவையும் அதில் தெரியும்.

விரல்களையும் பிடிக்கும் ஸ்பிளின்ட்

முஷ்டிச் சோதனையில் மரத்தவர்களுக்கு விரல்களின் அடிமூட்டையும் சேர்த்து நிறுத்தும் ஸ்பிளின்ட் தேவை. மணிக்கட்டு நேராக, அடிமூட்டுகள் கிட்டத்தட்ட நேராக, நடு மூட்டும் நுனி மூட்டும் சுதந்திரமாக. மணிக்கட்டோடு அடிமூட்டையும் சேர்த்துப் பிடித்தபோது சாதாரண காக்-அப்பைவிட நல்ல பலன் கிடைத்ததாக 2007-ல் வந்த ஒரு சோதனை உட்படச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன.

ரெடிமேடில் இந்த வடிவம் சுலபமாகக் கிடைப்பதில்லை. ‘ரெஸ்டிங் ஹேண்ட் ஸ்பிளின்ட்’ என்று விற்கப்படுவது பக்கவாதக்காரர்களுக்கானது, விரல் நுனிவரை மூடும், பெரிது, தூங்கவிடாது. நல்ல வழி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் தெர்மோபிளாஸ்டிக்கில் அளவெடுத்துச் செய்துகொள்வது. 3.2 மி.மீ. தடிமனுள்ள தகட்டை 65-70 டிகிரி வெந்நீரில் போட்டால் அப்பளம்போல் துவளும். எடுத்துத் துடைத்துக் கையில் படியவைத்து, இறுகும்வரை சில நிமிடம் பிடித்திருப்பார்கள். செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்: முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு நீளம், கட்டைவிரலின் அடிச்சதை முழுதாக வெளியே, விளிம்புகள் வெளிப்பக்கம் மடித்து மழுங்க. மணிக்கட்டு எலும்புப் புடைப்பின் மேல் அழுத்தினால் அன்றே சொல்லுங்கள், ஹீட் கன் காட்டி அந்த இடத்தை மட்டும் வெளியே தள்ளிக் கொடுப்பார்கள். வெல்க்ரோ பட்டை ஸ்பிளின்ட்டைவிடச் செலவு நிச்சயம் கூடும். தனியார் இடங்களில் செய்யுமுன்பே கேட்டுவிடுங்கள், மறுசீரமைப்புக்குத் தனிக் காசா என்பதையும் சேர்த்து.

இதன் குறை வெயில். நிறுத்திய காருக்குள் மே மாதத்தில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வேறு யாருடைய கைக்கோ ஆகியிருக்கும். வெந்நீரில் கழுவுவதும் அப்படியே.

இவ்வளவு ஏற்பாடு முடியாதவர்கள், நிமிர்த்திய சாதாரண ஸ்பிளின்ட்டோடு உள்ளங்கையில் ஒரு துணிச்சுருளை வைத்துக் கட்டிக்கொள்வது உண்டு. முழு முஷ்டியைத் தடுக்கும், பாதி மடக்கைத் தடுக்காது. பாதி மடக்கிலேயே லம்ப்ரிகல் உள்ளே வந்துவிடுகிறது என்று மேலே பார்த்தோம். சும்மா இருப்பதற்கு மேல், அவ்வளவுதான். மெலிந்த சுருளை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு அதுவும் கெடுதல்.

துணி, வியர்வை, வெல்க்ரோ

நியோப்ரீன் மெத்தென்று இருக்கும், நம் ஊர் இரவுகளில் கை வெந்துபோகும். காற்றோடும் கண்ணறைத் துணி நல்லது. எதுவானாலும் உள்ளே ஒரு பருத்திக் குழாய்த்துணி, கட்டுப்போடுகிற இடங்களில் கிடைக்கும் ஸ்டாக்கினெட், போட்டுக்கொண்டால் அரிப்பு வராது. அதன் முனையை வெளியே மடித்துவிட்டால் விளிம்பு உரசலும் போகும். துவைக்கும்போது தகட்டை உருவிவிட்டு, வெல்க்ரோவை மூடி, குளிர்ந்த நீரில் கையால். மூடாமல் மெஷினில் போட்டால் கொக்கிப் பக்கம் மற்ற துணிகளின் நூலையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். அடைத்த நூலைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுக்கலாம். தகட்டை எந்தப் பக்கமாகச் செருகினோம் என்று மறந்து தலைகீழாகச் செருகுவது சகஜம். உருவுமுன் விரல்பக்க முனையில் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள்.

எவ்வளவு நாள், எப்போது நிறுத்துவது

இரவு மட்டும், குறைந்தது 6 வாரம். முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். இரவில் எத்தனை தடவை எழுந்து உதறினீர்கள் என்று ஒரு காலண்டரில் குறித்துவந்தால் மூன்றாவது வாரத்தில் போக்கு தெரியும். பகலிலும் கட்டிக்கொண்டு மாவு பிசைவதும் டைப் அடிப்பதும் வேண்டாம். மணிக்கட்டு ஸ்பிளின்ட்டை எதிர்த்து வளையப் பார்க்கும்போது அதே முன்கைத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன, முழங்கையும் தோளும் கோணலாகின்றன.

ஊசியா, ஸ்பிளின்ட்டா என்ற கேள்விக்கு 2018-ல் இங்கிலாந்தில் 234 பேரிடம் செய்த ஒப்பீடு உதவும். 6 வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் தெளிவாக நன்றாக இருந்தார்கள். 6 மாதத்தில் இரு தரப்பிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. வலி தாங்க முடியாதவர்களுக்கு ஊசி, பொறுக்கக்கூடியவர்களுக்கு ஸ்பிளின்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். ஊசி போடுகிறவர்கள் இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் பால்மாரிஸ் லாங்கஸ் நாணைத்தான் அடையாளமாக வைத்துச் சுண்டுவிரல் பக்கமாகக் குத்துகிறார்கள். முதல் சோதனையில் நாண் புடைக்காதவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடலாம். அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி போடக் கேட்பதிலும் தவறில்லை.

சில கைகளுக்கு எந்த ஸ்பிளின்ட்டும் நேரம் வீணடிப்பு. மரப்பு இரவு பகல் விடாமல் இருக்கிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கட்டைவிரலின் அடிச்சதை மறுகையைவிட வற்றித் தட்டையாகத் தெரிகிறது என்றால், 6 வாரம் காத்திருக்காமல் நரம்புக் கடத்தல் சோதனைக்குப் போங்கள். அங்கே ஒரு விஷயம்: கை குளிர்ந்திருந்தால் நரம்பு மெதுவாகக் கடத்தும், இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். ஏசி அறையில் அரைமணி காத்திருந்த கையைச் சூடாக்கி, தோல் வெப்பம் 32 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டுதான் அளக்க வேண்டும். அதைச் செய்கிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. சர்க்கரை, தைராய்டு இரண்டையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தணிந்துவிடும், அவர்களுக்கு நிமிர்த்திய ஸ்பிளின்ட்தான் முதல் தேர்வு.

கட்டைவிரலின் அடியில் உள்ளங்கைத் தோலும் சேர்ந்து மரத்தால் சந்தேகத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். அந்தத் தோலுக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்குச் சில செ.மீ. முன்பே பிரிந்து சுரங்கத்துக்கு வெளியே போகிறது, சுரங்க நெரிசலில் அது பாதிக்கப்படாது. முன்கையில் மேலே எங்கோ, அல்லது கழுத்தில் அமுக்கம் இருக்கலாம். மரப்பே இல்லாமல், கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் மடக்க மட்டும் பலமில்லை, இரண்டையும் சேர்த்து ‘ஓ’ போட முடியவில்லை என்றாலும் மணிக்கட்டுக்குச் சம்பந்தமில்லை. முன்கையின் ஆழத்தில் ஓடும் இயக்கக் கிளை அடிபட்டிருக்கலாம். கேன்ட்சர் தசை என்ற கூடுதல் தலை அதை அமுக்கும் காரணங்களில் ஒன்று. மணிக்கட்டில் எதைக் கட்டினாலும் அங்கே எட்டாது.

வாங்கும்போது பில் வாங்கி, பெட்டியைக் கிழிக்காமல் வையுங்கள். சுகாதாரக் காரணம் சொல்லிப் பல கடைகளில் கட்டிப் பார்த்ததைத் திரும்ப எடுப்பதில்லை. அதனால் தகட்டை உருவிப் பார்ப்பதையும் நீளத்தை முன்கையோடு வைத்துப் பார்ப்பதையும் கவுன்ட்டரிலேயே முடித்துவிடுங்கள். இரு கையிலும் தொல்லை உள்ளவர்கள் முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, அதிகம் மரக்கும் கையில் மூன்று வாரம் கட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை வாங்கலாம்.